தீப்பெட்டி லீவு போட்ட வருஷம்

சாத்தூரிலிருந்து கிழக்கே போகிற பஸ்ஸில் ஏறி, கரிசல் காட்டையும் உடைமரங்களையும் தாண்டி, இதற்கு மேல் ஊர் இருக்கிறதா இல்லையா என்று கண்டக்டரிடம் கேட்கத் தோன்றுகிற இடத்தில் இறங்கினால் வெயிலுகந்தபட்டி. மூன்று தீப்பெட்டி ஆபீஸ், ஒரு காலண்டர் பிரஸ், ஒரு பேங்க், அதன் வாசலில் ஒரு ஏடிஎம், ஒட்டினாற்போல இரண்டு தையல் கடை, எதிரே காளிராஜ் டீக்கடை. இந்த ஊரில்தான் ஒரு வருஷம் பொருட்கள் எல்லாம் தங்கள் பிறந்தநாளுக்கு லீவு போட்டன. ஏன் போட்டன என்று என்னைக் கேட்காதீர்கள். சாத்தூரில் கொட்டுகிற மழை எங்கள் ஊரை மட்டும் ஒதுக்கிவிட்டுப் போவது ஏன் என்று எத்தனையோ வருஷமாகக் கேட்கிறோம், அதற்கே பதில் வரவில்லை. எப்படிச் சமாளித்தீர்கள் என்று கேளுங்கள், சொல்கிறேன். அதில் என் பங்கு கொஞ்சம் உண்டு, என் பெண்டாட்டி பங்கு அதைவிடக் கூடுதல்.

என் பெயர் செண்பகமூர்த்தி. காலண்டர் பிரஸ்ஸில் முப்பத்தோரு வருஷமாகப் புரூஃப் பார்க்கிறேன். தினசரிக் காலண்டர் தாளை நீங்களும் தினமும் கிழிக்கிறீர்கள், ஆனால் பார்த்திருக்க மாட்டீர்கள். நடுவில் பெரிய எழுத்தில் தேதி, அதைச் சுற்றித் திதி, நட்சத்திரம், நல்ல நேரம், ராகு காலம், எமகண்டம், சூலம், பரிகாரம், இன்னாருக்குச் சந்திராஷ்டமம், இதெல்லாம் போக அடியில் பொடி எழுத்தில் ஒரு வரி இருக்கும். அந்த வரி என்னுடையது. மற்ற காலண்டர்காரர்கள் அந்த இடத்தில் பொன்மொழி போடுவார்கள், நான் அறிவியல் போடுவேன். இன்று இன்ன இயந்திரம் பிறந்த நாள், இன்று இன்னது கண்டுபிடித்த நாள் என்று முந்நூற்று அறுபத்தைந்து வரி. நான் பி.எஸ்ஸி. பிசிக்ஸ். அந்தப் படிப்புக்கு இந்த ஊரில் கிடைத்த ஒரே இடம் அரை அங்குல உயரமும் இரண்டரை அங்குல அகலமும் உள்ள அந்த மூலைதான். ஒரு தேதி, ஒரு வருஷம், ஒரு ஒற்று தப்பாகப் போனதில்லை. யாரும் படித்ததும் இல்லை. ஜனங்களுக்கு ராகு காலம் எப்போது முடியும் என்று தெரிந்தால் போதும், பேனாவை யார் கண்டுபிடித்தால் அவர்களுக்கு என்ன.

என் பெண்டாட்டி வேலுத்தாய் அதே பிரஸ்ஸில் பைண்டிங். தாள்களை அடுக்கி, தட்டி, தகரம் அடித்து, அட்டையில் பசை போட்டு ஒட்டுகிற வேலை. இரண்டு வருஷம் முன்னால் பங்குனி மாதம் ஒரு நாள் மைதா பசை வாளியில் தலை குப்புற விழுந்தாள். மதுரைக்குக் கொண்டு போனோம். நெஞ்சு துடிப்பு முப்பதுக்கு இறங்கிவிட்டது என்று சொல்லி, கழுத்தெலும்புக்குக் கீழே தோலுக்கடியில் ஒரு பேஸ்மேக்கர் வைத்துத் தைத்து அனுப்பினார்கள். ஊரில் அதைப் பேட்டரி என்பார்கள். பேட்டரி வைத்த பிறகு மறுபடி பைண்டிங்குக்குப் போனாள், சண்டை போட்டாள், சிரித்தாள், என்னைக் கிண்டல் செய்தாள். எனக்கு அந்தப் பேட்டரியைக் கும்பிடலாம் போல இருந்தது. கும்பிடுகிற பழக்கம் இல்லாததால், அடுத்த தடவை வரிகள் எழுதும்போது அக்டோபர் எட்டாம் தேதித் தாளில் 'மனித உடலில் முதல் பேஸ்மேக்கர் பொருத்தப்பட்ட நாள், 1958' என்று போட்டேன். அவளுக்காகத்தான் போட்டேன், அவளிடம் சொல்லவில்லை. அந்தத் தாள்கள் பைண்டிங்குக்குப் போன ஆடி மாதத்தில் ஒரு நாள் விசேஷம் எதுவும் இல்லாமல் பாயசம் வைத்தாள். குடித்துவிட்டு இனிப்பு கம்மி என்றேன்.

அந்தக் காலண்டரை ஊர் மாட்டிய வருஷம்தான் இது நடந்தது.

முதலில் ஜனவரி இருபத்தாறு. லண்டனில் முதன்முதலாக டிவி ஓட்டிக் காட்டி அன்றைக்கு நூறு வருஷம் என்று என் வரி சொன்னது. ஊரில் ஒரு டிவியும் ஓடவில்லை. எல்லோரும் கேபிள்காரனைத் திட்டினோம், கேபிள்காரன் மதுரையைத் திட்டினான், மறுநாள் எல்லா டிவியும் ஓடியது, மறந்துவிட்டோம். அடுத்து மார்ச் பத்து. போனில் முதல் பேச்சு பேசி நூற்றைம்பது வருஷம். அன்று ஊரில் இருந்த அத்தனை போனும் மணி காட்டியது, சார்ஜ் காட்டியது, பேச மட்டும் மாட்டேன் என்று கிடந்தது. அவசரத்துக்கு நாலு பேர் கோவில்பட்டிக்கு பஸ் ஏறிப் போனார்கள். அங்கே ஊரெல்லாம் பேசிக்கொண்டிருக்க இவர்கள் போன் மட்டும் பேசவில்லை. அதே சமயம் எங்கள் ஊருக்கு உரம் விற்க வந்த ஆள் எங்கள் தெருவிலேயே நின்று அவன் வீட்டோடு அரை மணி நேரம் பேசினான். ஆக, ஊர்ப் பொருள் எங்கே போனாலும் ஊர்ப் பொருள்தான், வெளியூர்ப் பொருள் வெளியூர்ப் பொருள்தான் என்று அன்றே தெரிந்துபோனது.

ஏப்ரல் ஏழாம் தேதி தீப்பெட்டி. இங்கிலாந்தில் ஒரு மருந்துக்கடைக்காரர் முதல் தீப்பெட்டியை விற்று நூற்றுத் தொண்ணூற்றொன்பது வருஷம். பாதித் தமிழ்நாட்டுக்கு நெருப்பு அனுப்புகிற எங்கள் ஊரில் அன்றைக்கு ஒரு குச்சி பற்றவில்லை. பழைய பெட்டி, புதுப்பெட்டி, அன்று காலையில் மருந்து முக்கிக் காயவைத்த குச்சி, எதை உரசினாலும் சுண்ணாம்புக்கட்டி மாதிரி தேய்ந்ததே தவிரப் பொறி வரவில்லை. மூன்று ஆபீஸ் முதலாளிகளும் வெயிலில் நின்று குச்சி குச்சியாக உரசிப் பார்த்தார்கள். பூசாரி விளக்கேற்ற முடியாமல் சன்னதியில் உட்கார்ந்திருந்தார். அடுப்பு பற்றவைக்க லைட்டர் தேடி அலைந்த காளிராஜிடம்தான் நான் முதலில் விஷயத்தைச் சொன்னேன். அவன் கடைச் சுவரில் இருந்த காலண்டரில் அடி வரியைத் தொட்டுக் காட்டினேன். ஜனவரித் தாளும் மார்ச் தாளும் என் சட்டைப்பையில் இருந்தன, அதையும் காட்டினேன்.

காளிராஜ் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நிதானமாகப் படித்தான்.

"அண்ணாச்சி, இப்படி ஒரு வரி வருதா இதுல?"

"முப்பத்தோரு வருஷமா வருது."

"யாரு எழுதுறது?"

"உனக்கு முன்னால நிக்கிற ஆளு."

"அப்ப நீங்கதான் தீப்பெட்டிக்கு லீவு விட்டதா" என்றான். அதற்குள் கடையில் பத்துப் பேர் சேர்ந்துவிட்டார்கள், நான் என்ன சொன்னாலும் எடுபடவில்லை. அன்றிலிருந்து ஊரில் என் பெயர் லீவு அண்ணாச்சி.

பிறகு ஊர் பழகிவிட்டது. எங்கள் ஊர் எதற்கும் பழகிவிடும். காலையில் எழுந்ததும் ஜனங்கள் ராகு காலத்துக்கு முன்னால் என் வரியைப் படித்தார்கள். பொருளுக்குப் பிறந்தநாள் என்றால் சும்மா விட மனசு வருமா, ஆயுத பூஜைக்கு வைப்பது போலச் சந்தனம் குங்குமம் வைத்தார்கள். சிலர் பூச் சுற்றினார்கள். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் மிஷின் எழுதுகிற லீவு லெட்டர் என்று எழுதிப் பழகினார்கள். கிரைண்டருக்கு எப்போது, மிக்ஸிக்கு எப்போது என்று பெண்கள் தேதி கேட்டு வந்தார்கள். துடைப்பம், அம்மி, முறம் இவை பிறந்த தேதியை எவனும் எழுதி வைக்கவில்லை, அதனால் அவற்றுக்கு லீவே கிடையாது என்று நான் சொன்னதும் ஊரில் துடைப்பத்தின் மேல் ஒரு இரக்கம் வந்தது. வேலுத்தாய் அதைக் கேட்டுவிட்டு, "தீப்பெட்டிக்கு ஒரு நாள் லீவு, தீப்பெட்டி ஒட்டுறவ அன்னைக்கும் வேலைக்குப் போனா. அவளுக்கு எந்தத் தாள்ல போட்டிருக்கீக?" என்று கேட்டாள். நான் பேச்சை மாற்றினேன்.

எனக்கு உள்ளூரப் பெருமைதான், அதை மறைப்பானேன். முப்பத்தோரு வருஷம் சீந்துவாரில்லாமல் கிடந்த வரியை ஊரே மனப்பாடம் செய்கிறது. டீக்கு என்னிடம் காசு வாங்க மாட்டேன் என்றான் காளிராஜ். அந்தப் பெருமை சரியாக ஏழு நாள் இருந்தது. எட்டாம் நாள் யாரோ ஒரு பெண் தையல் மிஷினுக்கு எந்த மாசம் என்று கேட்டாள். வீட்டுக் காலண்டரின் அடித்தாள்களைப் புரட்டிக்கொண்டே போனேன். செப்டம்பர் பத்து என்று அவளிடம் சொல்லிவிட்டு, சும்மா இருந்திருக்கலாம், இன்னும் கொஞ்சம் புரட்டினேன். அக்டோபர் எட்டில் விரல் நின்றுவிட்டது.

அன்று நான் சாப்பிடவில்லை. அடுத்த நாள் வேலுத்தாய்க்குத் தெரியாமல் மதுரைக்குப் போய் டாக்டரைப் பார்த்தேன். ஊர்க்கதையைச் சொல்லவில்லை, சொன்னால் எனக்கு வேறு டாக்டரைக் காட்டுவார். "அந்தப் பேட்டரி ஒரு நாள் நின்னு போச்சுன்னா என்ன சார் ஆகும்?" என்று மட்டும் கேட்டேன். அவர் எதையோ எழுதிக்கொண்டே, "ஒரு நாள் எதுக்கு, அரை மணி நேரம் நின்னாலே அந்தம்மாவுக்குத் தாங்காது. அதெல்லாம் நிக்காது, பயப்படாதீங்க" என்றார். நான் பயந்தேன். பஸ்ஸில் வரும் வழியெல்லாம் பயந்தேன். விருதுநகர் தாண்டும்போது, என் கையால் எழுதி, என் கையால் புரூஃப் பார்த்து, என் கையெழுத்துப் போட்டு அச்சுக்கு அனுப்பி, என் பெண்டாட்டி கையாலேயே ஒட்டவைத்த வரி என்று நினைத்ததும் பக்கத்து சீட்டு ஆள் பார்க்கிற மாதிரி வாய்விட்டு ஏதோ சொல்லிவிட்டேன்.

அதிலிருந்து தப்பிக்க வழி தேடினேன். மையால் அடித்துவிட்டால் என்ன என்று தோன்றியது. ஜூன் இருபத்தாறு, கடையில் முதன்முதலாக பார்கோடு காட்டிப் பொருள் விற்ற நாள். முந்தின நாளே பஜார் சூப்பர் மார்க்கெட்டுக்குப் போய், கல்லாவில் இருந்தவனிடம் சொல்லி, அந்த வரியைக் கறுப்பு மையால் அழுத்தி அடித்தேன். மறுநாள் பார்கோடு மிஷின் கண்ணைத் திறக்கவில்லை. கல்லாக்காரன் எல்லாப் பொருளுக்கும் கையால் விலை எழுதினான். அதற்கு அடுத்த நாள் ஏடிஎம்முக்குப் பிறந்தநாள். அந்தத் தாளின் அடிப்பகுதியைக் கத்தரியால் வெட்டியே எடுத்தேன், அதுவும் பலிக்கவில்லை. அச்சில் வந்தது வந்ததுதான். எத்தனை ஆயிரம் பேருக்கு நான் இதே வார்த்தையைச் சொல்லியிருப்பேன்.

ஜூலையும் ஆகஸ்டும் போயின. நிலவில் மனிதன் இறங்கிய நாளன்று எது லீவு போடும் என்று தெரியாமல் ஊரே மேலே பார்த்துக்கொண்டிருந்தது, ஒன்றும் ஆகவில்லை. நான் இளைத்துக்கொண்டே வந்தேன். "என்னங்க, சோறு இறங்கலையா" என்று வேலுத்தாய் கேட்டாள். வெயில் என்றேன். ஆவணியில் என்ன வெயில் என்று கேட்டுவிட்டு, இன்னொரு கரண்டி போட்டாள்.

வழி காட்டியது மைக்கேல்ராஜின் சோம்பேறித்தனம். மைக்கேல்ராஜ் தையல்காரர், என் வயதுதான். ஆகஸ்ட் கடைசியில் கடையைச் சாத்திக்கொண்டு குடும்பத்தோடு வேளாங்கண்ணித் திருவிழாவுக்குப் போனவர், செப்டம்பர் ஒன்பதாம் தேதி சாயங்காலம்தான் ஊர் திரும்பினார். பத்தாம் தேதி காலையில் ஊரில் வீட்டுத் தையல் மிஷின் எதுவும் நகரவில்லை, ஊசிக்குக் குங்குமம் வைத்துவிட்டு எல்லோரும் பேசாமல் இருந்தார்கள். மைக்கேல்ராஜ் மட்டும் கடையைத் திறந்து, படபடவென்று ஒரு பாவாடைக்கு ஓரம் அடித்துக்கொண்டிருந்தார். கூட்டம் கூடிவிட்டது. நானும் ஓடினேன். அவர் கடைச் சுவரில் காலண்டர் ஆகஸ்ட் இருபத்தெட்டிலேயே நின்றிருந்தது, வந்தவர் கிழிக்கவில்லை.

"கிழிங்க பார்ப்போம்" என்றேன்.

ஒரு காலால் மிதித்துக்கொண்டே, ஒரு கையை மேலே நீட்டி ஒவ்வொன்றாகக் கிழித்தார். இருபத்தொன்பது, முப்பது, முப்பத்தொன்று, ஒன்று, இரண்டு என்று வந்து, பத்து என்கிற தாள் வெளியே தெரிந்ததும் பாதித் தையலில் மிஷின் நின்றது. எவ்வளவு மிதித்தும் சக்கரம் சுற்றவில்லை. "அதையும் கிழிங்க" என்றேன். பதினொன்று வந்தது. மிஷின் விட்ட இடத்திலிருந்து ஓடியது. நான் அந்தக் கடை வாசலிலேயே உட்கார்ந்துவிட்டேன். மைக்கேல்ராஜ் பதறி இறங்கி வந்து தண்ணீர் கொடுத்தார். தண்ணீரைக் குடிக்காமல் கையில் வைத்துக்கொண்டு, ஐம்பத்தாறு வயசு ஆம்பளை, நடு பஜாரில், அக்டோபர் எட்டாம் தேதியைப் பற்றி எல்லோருக்கும் சொல்லி அழுதேன்.

யாரும் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் கொஞ்சம் நன்றாக இருந்திருக்கும். காளிராஜ்தான் முதலில் பேசினான்.

"இதுக்கு எதுக்கு அண்ணாச்சி அழுகை. அன்னைக்கு உங்க வீட்டுத் தாளைக் கிழிக்காம விட்டுருங்க."

"அது பத்தாது" என்றார் மைக்கேல்ராஜ். பக்கத்துத் தையல் கடைக்கும் அவர் கடைக்கும் ஒரே சுவர். அந்தக் கடைக்காரர் காலையிலேயே பத்தாம் தேதி தெரிகிற மாதிரி கிழித்து வைத்துவிட்டார், ஆனாலும் இந்தப் பக்கத்துப் பழைய தேதி அந்தப் பக்கம் கசிந்து, அவர் மிஷின் நாலு தையல் ஓடி, நாலு தையல் நின்று என்று திக்கித் திணறிக்கொண்டிருந்தது. ஒரு தாளின் பேச்சு எவ்வளவு தூரம் எடுபடும் என்று யாருக்கும் தெரியாது. நாங்கள் இருப்பது வளவு வீடு, வரிசையாகப் பதினாறு வீட்டுக்குச் சுவர் ஒன்று. துணியில் நாலு தையல் விட்டால் பிரித்துத் தைக்கலாம், வேலுத்தாய் நெஞ்சில் நாலு துடிப்பு விட்டால் என்ன செய்வது.

"அப்ப ஊரே கிழிக்க வேண்டாம். ஏழோட நிறுத்திக்கிருவோம், ஒன்பதாந்தேதி காலையில ரெண்டு தாளாக் கிழிப்போம்" என்றான் காளிராஜ், பாலை ஆற்றிக்கொண்டே. ஒரு தேதியை ஊரோடு விட்டுவிடுவது அவனுக்கு ஒரு வாய் டீ குறைத்து ஊற்றுவது போலத்தான் இருந்தது.

பைண்டிங் பெண்கள் நாற்பது பேர் தெருத் தெருவாகப் போனார்கள். எட்டாம் தேதி நம்ம ஊருக்குக் கிடையாது, தாளைத் தொடாதீங்க என்று வீடு வீடாகச் சொன்னார்கள். பள்ளிக்கூடத்தில் சொன்னார்கள். பேங்க் மேனேஜர் வெளியூர்க்காரர், கம்ப்யூட்டரில் தேதி தானாக மாறிவிடுமே என்று கவலைப்பட்டார். கம்ப்யூட்டர் தேதி கம்ப்யூட்டரோடு இருக்கட்டும் சார், சுவத்துத் தேதியில் கை வைக்காதீங்க என்று சொல்லிவிட்டு வந்தார்கள். எட்டாம் தேதி வட்டி கட்ட வேண்டியவர்கள்கூடச் சரி என்றார்கள், அவர்களுக்கு அதில் ஆதாயம்தான் என்று வையுங்கள். ஒரே ஒருத்தி மட்டும் சரி சொல்லவில்லை. அது பாண்டிச்செல்வி, பைண்டிங்கில் வேலுத்தாய்க்குப் பக்கத்துப் பலகையில் உட்கார்கிற பெண், எங்கள் வளவிலேயே நாலாவது வீடு.

நானே போனேன். பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு வாசலில் நின்றாள். கண் கலங்கியிருந்தது.

"அண்ணாச்சி, அக்கா பசை வாளியில விழுந்த அன்னைக்குத் தூக்குனது நானு. அவுகளுக்கு ஒண்ணுன்னா எனக்குத் தாங்குமா? ஆனா எட்டாந்தேதி யாழினிக்கு முதப் பிறந்தநாள். எட்டு வருஷம் கழிச்சுப் பிறந்த பிள்ளை. சாத்தூர்ல கேக்குச் சொல்லியாச்சு, எங்க ஆத்தா வீட்டுல இருந்து வர்றாக. அந்தத் தேதியே ஊருல இல்லைன்னா எம்பிள்ளைக்கு எப்ப வயசாகும்?"

நியாயமான கேள்வி. ஒரு பிள்ளையின் ஒரு வயதை வாங்கி என் பெண்டாட்டிக்குக் கொடு என்று எந்த வாயால் கேட்பது. வந்த வழியே போய்விடலாம் என்று திரும்பினேன். அப்போது அவள் வீட்டுச் சுவரில் இருந்த காலண்டர் கண்ணில் பட்டது. என் வரி அல்ல, அதற்கு மேலே இருக்கிற, நான் முப்பத்தோரு வருஷமாக எழுத்துப்பிழை மட்டும் பார்த்துவிட்டு மூஞ்சியைத் திருப்பிக்கொள்கிற வரிகள்.

"பிள்ளைக்கு என்ன நட்சத்திரம்?" என்று கேட்டேன்.

"அசுவினி."

புரட்டிப் பார்த்தேன். புரட்டாசியில் அசுவினி பத்து நாள் முன்னாலேயே வந்தது. "பிறந்தநாளை நட்சத்திரத்துக்குத்தானம்மா கொண்டாடணும், தேதி நேத்து வந்தது" என்றேன். என் வாயிலிருந்து அப்படி ஒரு பேச்சு வந்ததைப் பிரஸ்ஸில் யாராவது கேட்டிருந்தால் ஆயுசுக்கும் சொல்லிக் காட்டியிருப்பார்கள். அவள் யோசித்தாள், விரல் விட்டு எண்ணினாள், கேக்கை முன்னால் தரச் சொன்னால் தருவானா என்று கேட்டாள். நான் போய்ச் சொல்லிவிட்டு வருகிறேன் என்றேன். அசுவினியன்று ஊரே போய்ச் சாப்பிட்டது. வேலுத்தாய் பிள்ளைக்கு வெள்ளிக் கொலுசு போட்டாள், நான் கேக்கில் யாழினி என்கிற பெயருக்கு ழ போட்டிருக்கிறானா ள போட்டிருக்கிறானா என்று பார்த்தேன், சரியாகத்தான் போட்டிருந்தான்.

அக்டோபர் ஏழாம் தேதி சாயங்காலம் வளவில் ஒவ்வொரு வீடாகப் போய்ப் பார்த்தேன். பதினாறு சுவரிலும் ஏழு. காளிராஜ் கடையில் ஏழு, பேங்கில் ஏழு, கோயிலில் ஏழு. பிறகு வீட்டுக்கு வந்து எங்கள் சுவரைப் பார்த்தேன், ஏழு. வேலுத்தாய்க்கு இதெல்லாம் எதற்கு என்று தெரியாமலா இருக்கும், ஊரே பேசுகிறது. ஆனால் நானும் அவளும் மட்டும் அதைப் பேசிக்கொள்ளவில்லை. அந்த வரியைப் போட்டது நான் என்று எப்படி அவள் முகத்தைப் பார்த்துச் சொல்வது. அவள் சாப்பாட்டை எடுத்து வைத்துவிட்டு, எதையோ தேய்த்துக்கொண்டிருந்த விரலை முந்தானையில் துடைத்தாள்.

மறுநாள் காலையில் எழுந்தேன். பல் தேய்த்தேன். காப்பியை வாங்கிக்கொண்டு, வாசலில் பேப்பர் கிடக்கிறதா என்று பார்த்துவிட்டு, திரும்பி நடந்து வந்து, இடது கையில் டம்ளரோடு வலது கையை நீட்டித் தாளைக் கிழித்தேன்.

முப்பத்தோரு வருஷப் பழக்கம். கை தானாகப் போய்விட்டது. பர்ரென்று சத்தம் கேட்ட பிறகுதான் நான் என்ன செய்தேன் என்று எனக்கே தெரிந்தது. அடுப்படியில் தேங்காய் துருவுகிற சத்தம் நின்றது.

ஒரு ஊரே கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது, ஒரு பிள்ளை தன் பிறந்தநாளை மாற்றிக்கொண்டது, நான் கிழித்துவிட்டேன். சுவரைப் பார்க்க முடியவில்லை. அடுப்படிப் பக்கம் திரும்பவும் முடியவில்லை. கையில் இருந்த தாளை மட்டும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றேன். அப்போதுதான் விரலுக்கு ஒன்று தட்டுப்பட்டது. தாளின் கனத்தைத் தொட்டே சொல்கிற விரல் இது. எங்கள் தினசரித் தாள் மெல்லிசு, காற்றில் படபடக்கும். இது அட்டை மாதிரி விறைப்பாக நின்றது. புரட்டினேன். ஏழாம் தேதித் தாளின் முதுகில் இன்னொரு தாள் ஒட்டியிருந்தது.

நிமிர்ந்து பார்த்தேன். சுவரில் ஒன்பது.

வேலுத்தாய் தேங்காய்ப்பூ ஒட்டின கையோடு அடுப்படி நிலையில் வந்து நின்றாள். "கிழிச்சாச்சா?" என்றாள்.

தலையை ஆட்டினேன்.

"தெரியும். ஊரை நம்புனேன், உங்க கையை நம்பல. நேத்துச் சாயங்காலமே மைதாவைக் கிண்டி ஏழையும் எட்டையும் ஒட்டிட்டேன்."

"வேலுத்தாய், அந்த வரி..."

"நீங்க போட்டது. எனக்குத் தெரியாதா? உங்க வரியை நான் படிக்காம வேற யாரு படிப்பா? பைண்டிங்ல உட்கார்ந்த நாள்ல இருந்து ஒவ்வொரு வருஷமும் முந்நூத்தி அறுபத்தஞ்சையும் படிச்சுட்டுத்தான் ஒட்டுறேன். எட்டாந்தேதித் தாளைப் பார்த்த அன்னைக்கு எனக்காகப் போட்டிருக்காகன்னு பாயசம் வச்சேன். இனிப்பு கம்மின்னு சொன்னீக."

அவள் நெஞ்சில் கழுத்தெலும்புக்குக் கீழே அந்தச் சின்ன மேடு புடவைக்கு மேலே தெரிந்தது, அவள் பேசப் பேச அது தன் பாட்டுக்கு வேலை பார்த்துக்கொண்டிருந்தது. அன்று முழுக்க ஊரில் ஏழாம் தேதி, எங்கள் வீட்டில் மட்டும் ஒன்பதாம் தேதி, எட்டு யார் வீட்டிலும் இல்லை. ஏழும் ஒன்பதும் ஒரே சுவரில் இருந்தும் ஒன்றோடொன்று சண்டை போடவில்லை. பத்து மணிக்கு அவள் தூக்குச்சட்டியை எடுத்துக்கொண்டு பைண்டிங்குக்குப் புறப்பட்டாள், நான் கூடவே போனேன்.

புறப்படும் முன்னால் அந்த ஒட்டுத்தாளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். நாலு ஓரமும் நூல் பிடித்த மாதிரி, பசை ஒரு துளி பிதுங்கவில்லை, ஒரு சுருக்கம் இல்லை. ராத்திரி முழுக்க என் கண்ணெதிரே சுவரில் தொங்கியிருக்கிறது, லட்சம் தாளில் ஒரு ஒற்றுப்பிழையைப் பிடிக்கிற கண்ணுக்கு இது தெரியவில்லை. பேனாவை எடுத்தேன். புரூஃபில் கடைசிக் கட்டத்தில், இனி அச்சுக்குப் போகலாம் என்னும்போது மூலையில் எழுதுவோமே, அதே இடத்தில், அதே மாதிரி, பிழை இல்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு அவளிடம் கொடுத்தேன். வாங்கிப் படித்தாள்.

"தேதி போடலையே" என்றாள்.